ஒரு தேக்கரண்டிச் சீனியின் எடை



கடந்த இதழில் தூக்கணாங்குருவியின் கூட்டைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த எங்கள் பாடசாலையின் ஒன்பதாந் தர மாணவி ஒருத்தி, இடைவேளை நேரத்தில் என்னைத் தேடி வந்தாள்.

"மௌலவி, எங்கட ஊட்டு விறாந்தையில பல்ப் தொங்குற வயர்ல ஒரு ஹம்மிங் பேர்ட் கூடு கட்டியிருக்கு. நீங்க கட்டாயம் வந்து பார்க்கணும்" என்றாள்.

அன்று பாடசாலை விட்டதும் அந்த வழியாகவே வீடு திரும்பினேன். அவளுடைய வாப்பா வாசலிலேயே காத்திருந்தார். விறாந்தையில் பார்த்தேன். சிலந்தி நூலும் காய்ந்த இலைத் துணுக்குகளும் கொண்டு பின்னிய, சிறு பை போன்ற ஒரு கூடு வயரின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் வயிறுடைய தாய்ப் பறவை வந்து, எங்களைக் கண்டு தயங்கி, பின் உள்ளே நுழைந்தது.

"மகள், இது ஹம்மிங் பறவை இல்லை. இது தேன்சிட்டு. ஹம்மிங் பறவை அமெரிக்கக் கண்டத்தில் மட்டும்தான் இருக்கிறது" என்றேன்.

பிள்ளையின் முகம் வாடிவிட்டது. "அதால இவ்வளவு தூரம் பறந்து வர ஏலாதா மௌலவி?"

"தூரம் பறப்பதில் அதற்குக் குறைவில்லை. அதில் ஒரு வகை ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போய் வருகிறது. ஆனால் தன் கண்டத்துக்குள்ளேயே."

அவள் சற்று யோசித்தாள். "அப்ப, அதுட குஞ்சுக்கு வழி காட்டுறது யாரு? உம்மாவா, வாப்பாவா?"

"இருவருமில்லை" என்றேன். அவள் நம்பவில்லை. அவளுடைய வாப்பாவும் நம்பவில்லை என்பதை அவர் சிரித்த விதத்திலேயே அறிந்துகொண்டேன். அன்று தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொல்லி முடிக்க முடியாமற் போன விடயத்தை, இம்மாதம் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

இரண்டும் ஒன்றல்ல

முதலில் இந்த மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். தேன்சிட்டும் ஹம்மிங் பறவையும் பார்வைக்கு ஒத்தவை. இரண்டும் சிறியவை, இரண்டுக்கும் நீண்ட அலகு, இரண்டும் பூவிலே தேன் குடிப்பவை, இரண்டிலும் ஆண் பறவை வெயிலில் மின்னும். ஆனால் இவை உறவினர் அல்ல. தேன்சிட்டுகள் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் வாழ்பவை. குருவி, காகம் முதலியன அடங்கிய பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை. நம் இலங்கையில் மூன்று வகைத் தேன்சிட்டுகள் உண்டு. ஹம்மிங் பறவைக்கு நெருங்கிய சொந்தமோ, மாலை வேளைகளில் வானத்தில் இடைவிடாது வட்டமிடும் உழவாரக் குருவியாகும்.

தேன்சிட்டு பெரும்பாலும் பூக்காம்பிலே கால் ஊன்றி உட்கார்ந்துதான் தேன் குடிக்கும். ஹம்மிங் பறவை பூவுக்கு முன்னால் அந்தரத்திலே நின்றுகொண்டு குடிக்கும். அப்போது அதன் சிறகிலிருந்து எழும் ரீங்காரமே அதற்குப் பெயராகிவிட்டது.

ஹம்மிங் பறவைகளில் 350க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அலாஸ்கா முதல் தென்னமெரிக்காவின் தென்முனை வரை அவை பரவியிருக்கின்றன. அந்தக் கண்டங்களுக்கு வெளியே இன்று ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தன. சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹம்மிங் பறவையின் எலும்புகள் ஜேர்மனியில் கல்லோடு கல்லாகப் பதிந்திருந்ததை 2004ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

செந்நிற ஹம்மிங் பறவை

நான் சொல்லப்போவது இவற்றுள் ஒரு வகையைப் பற்றி மட்டும். ஆங்கிலத்தில் அதை ரூஃபஸ் ஹம்மிங் பறவை என்பார்கள். நாம் செந்நிற ஹம்மிங் பறவை என்போம். நீளம் சுமார் 8 சென்ரிமீற்றர். எடை 3 முதல் 4 கிராம். வீட்டிலே ஒரு தேக்கரண்டியில் சீனியை மட்டமாக அள்ளிப் பாருங்கள். அந்தச் சீனியின் எடைதான் இந்தப் பறவையின் எடை. எலும்பு, இறைச்சி, இறகு, இதயம், மூளை எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஆணின் முதுகு புதுச் செங்கல்லின் நிறம். தொண்டையிலே ஒரு பட்டை. நிழலில் நின்றால் அது கறுப்பாய்த் தெரியும். வெயில் பட்டதும் அடுப்புத் தணல்போல் ஒளிரும். அது சாயத்தின் நிறமன்று. இறகிலுள்ள மிக நுண்ணிய தகடுகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது தோன்றும் நிறம். சவர்க்காரக் குமிழியில் வர்ணங்கள் தோன்றுவதும் ஏறக்குறைய இவ்விதமே. பெண்ணின் முதுகு பச்சை. விலாப்புறத்தில் மட்டும் சற்றுச் செம்மை.

இதற்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்தது 1788ஆம் ஆண்டிலாகும். அப்போது குறிப்பிடப்பட்ட இடம் கனடாவின் மேற்குக் கரையிலுள்ள நூட்கா குடாவாகும். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1778இல், கப்டன் குக் தன் கப்பல்களை நங்கூரமிட்டு நிறுத்திய இடமும் அதுவே.

இந்தப் பறவை கோடையிலே குஞ்சு பொரிப்பது அமெரிக்காவின் வடமேற்கிலும், மேற்குக் கனடாவிலும், அலாஸ்காவின் தென்பகுதியிலும். வட அகலக்கோடு 61 பாகை வரை அது செல்கிறது. வேறெந்த ஹம்மிங் பறவையும் அவ்வளவு வடக்கே சென்று கூடு கட்டுவதில்லை. குளிர்காலத்தைக் கழிப்பது பெரும்பாலும் மெக்சிக்கோவிலே. அலாஸ்காவிலிருந்து மெக்சிக்கோவுக்கு ஒரு வழிப் பயணம் சுமார் 6,000 கிலோமீற்றர்.

இந்தத் தூரத்தைப் பறவையின் உடல் நீளத்தால் வகுத்துப் பாருங்கள். ஏழரைக் கோடி மடங்கு வரும். ஐந்தேகால் அடி உயரமுள்ள ஒரு மனிதர் தன் உயரத்தைப் போல் ஏழரைக் கோடி மடங்கு நடப்பதானால், அவர் இந்தப் பூமியை மூன்று தடவை சுற்றிவர வேண்டும். பறவை அதை ஆண்டுக்கு இரு முறை செய்கிறது.

அந்தரத்தில் நிற்கும் கலை

அந்தரத்தில் நிற்பது எளிய காரியமன்று. காகமோ பருந்தோ சிறகைக் கீழே அடிக்கும்போதுதான் உடலைத் தூக்கும் விசை கிடைக்கும். மேலே உயர்த்தும்போது பெரிதாக எதுவும் கிடைக்காது. செந்நிற ஹம்மிங் பறவை வினாடிக்கு ஏறத்தாழ 50, 60 தடவை சிறகடிக்கிறது. தோள் மூட்டிலிருந்தே சிறகைப் புரட்டி, மேலே போகும்போதும் காற்றை அழுத்துகிறது.

இதை அளந்து பார்த்தவர்கள் கையாண்ட முறை சுவையானது. ஒலிவ் எண்ணெயை நுண்ணிய புகார் போல் காற்றில் பரப்பி, அதற்குள் இந்தப் பறவையைப் பறக்கவிட்டு, லேசர் ஒளியால் அந்தப் புகாரின் அசைவைப் படம் பிடித்தார்கள். 2005இல் வெளியான முடிவின்படி, பறவையின் பாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் கீழ் அடியும், கால் பங்கை மேல் அடியும் தாங்குகின்றன. பூச்சியினங்களில் இது சரிபாதி. ஆக, பறவைக்கும் பூச்சிக்கும் இடைப்பட்ட ஒரு நிலையில் இது நிற்கிறது.

இந்த வேலைக்குச் செலவு அதிகம். நமது இதயம் நிமிடத்துக்கு 70 தடவை அளவில் துடிக்கும். பறக்கும் ஹம்மிங் பறவையின் இதயம் 1,000 தடவைக்கு மேல் துடிக்கும். ஆகவே அது நாள் முழுதும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளில் தன் எடையைவிட அதிகமான தேனைக் குடிக்கும். தேனில் புரதம் இல்லை. அதனால் கொசு, சிறு ஈ, சிலந்தி முதலியவற்றையும் பிடித்துத் தின்னும். நமக்கு, தின்ற சீனி ஓடும் தசைக்குப் போய்ச் சேர நேரமெடுக்கும். அதற்குள் உடல் பழைய சேமிப்பையே செலவழிக்கும். இந்தப் பறவையோ சற்று முன் குடித்த சீனியைச் சில பத்து நிமிடங்களுக்குள்ளேயே பறக்கும் தசையில் எரித்துவிடும். உழைத்த கூலியை அன்றே செலவழிக்கும் குடும்பம் போன்றது அதன் வாழ்வு.

நாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரியிலே எண்ணெய் ஏறுவதுபோல் ஹம்மிங் பறவையின் நாக்கிலே தேன் தானாக ஏறுகிறது என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புத்தகங்களில் எழுதி வந்தார்கள். 2011இல் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர் அதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். நாக்கின் பிளந்த நுனியில் மெல்லிய மயிர் போன்ற ஓரங்கள் உள்ளன. தேனுக்குள் போனதும் அவை விரிகின்றன. வெளியே இழுக்கும்போது தேனைச் சுற்றி மூடிக்கொள்கின்றன. அதாவது, நாக்கு தேனைப் பிடிக்கிறது. புத்தகத்தில் நெடுநாள் இருந்த ஒன்றையும் மீண்டும் பார்ப்பது வீண் வேலையல்ல என்று என் மாணவர்களுக்குச் சொல்ல இது நல்ல உதாரணம்.

இராக் கணக்கு

பகலெல்லாம் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை குடிக்கும் பறவை, இரவிலே என்ன செய்யும்? பூக்களைத் தேட வெளிச்சம் இல்லை. மலைப்பகுதியில் குளிர் வேறு. உடலின் வெப்பத்தை 40 பாகை அளவிலேயே வைத்திருந்தால், விடிவதற்குள் சேமிப்பு தீர்ந்துவிடும்.

அதற்கு ஒரு வழி உண்டு. பறவை ஒரு கிளையில் அமர்ந்து, இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, ஒருவித ஆழ்ந்த விறைப்பு நிலைக்குப் போகிறது. உடலின் வெப்பம் சுற்றாடலின் குளிருக்கு அண்மையாக இறங்கிவிடும். இதயத் துடிப்பு பெரிதும் குறைந்துவிடும். தொட்டாலும் பறக்காது. பார்ப்பவர்கள் செத்துவிட்டது என்றே நினைப்பார்கள். விடியும் வேளையில் உடல் நடுங்கி நடுங்கி மீண்டும் சூடேறும். அதற்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ செல்லும். பின்னர் முதற் பூவைத் தேடிப் பறக்கும்.

பட்டினி கிடக்கும் பறவைதான் இப்படிச் செய்யும் என்று முதலில் எண்ணினார்கள். ஆனால் 1988இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், பயணத்தின் நடுவே நன்கு கொழுத்திருந்த செந்நிறப் பறவையும் இவ்வாறு விறைப்பு நிலைக்குப் போனதைக் கண்டெழுதினார்கள். சேர்த்த கொழுப்பை இரவில் வீணாக்காமல் பயணத்துக்கென்று ஒதுக்கிவைப்பதே அதன் நோக்கம் என்று அவர்கள் விளக்கினார்கள். இல்லாமையால் சிக்கனம் செய்வது ஒன்று. கையில் இருக்கும்போதே நாளைய பயணத்தை நினைத்துச் சிக்கனம் செய்வது வேறொன்று. குடும்பம் நடத்துபவர்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

போகும் வழி வேறு, வரும் வழி வேறு

பயணத்தைப் பார்ப்போம். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பறவைகள் மெக்சிக்கோவை விட்டுக் கிளம்புகின்றன. பசுபிக் சமுத்திரக் கரையை ஒட்டி, கலிபோர்னியா, ஒரிகன், வாஷிங்டன் என்று வடக்கே ஏறுகின்றன. அப்போது மலைகளில் பனி மூடிக் கிடக்கும். தாழ்ந்த கரையோரத்தில்தான் வசந்தகாலப் பூக்கள் முதலில் மலரும். பூக்கள் வடக்கு நோக்கி மலர்ந்துகொண்டே போக, பறவைகளும் அவற்றின் பின்னாலேயே போகின்றன. பூ குறைவான இடங்களில் ஒருவகை மரங்கொத்தி மரப்பட்டையில் துளைத்து வைத்த குழிகளிலே ஊறும் இனிப்பான சாற்றைக் குடித்துச் சமாளிக்கின்றன. ஏப்ரல் பிற்பகுதியிலும் மே மாதத்திலும் அலாஸ்காவை அடைகின்றன.

திரும்பும்போது அதே வழியில் வருவதில்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கரையோரம் உலர்ந்து போயிருக்கும். ஆனால் உயர்ந்த ரொக்கி மலைத்தொடரின் புல்வெளிகளில் பனி உருகி, அப்போதுதான் செந்நிறப் பூக்கள் நிறைந்திருக்கும். ஆகவே பறவைகள் உள்நாட்டு மலைகளின் வழியே தெற்கு நோக்கி வருகின்றன. வரைபடத்தில் கோடு போட்டால் ஒரு பெரிய வளையம் கிடைக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். வழியில் ஒவ்வொரு தங்குமிடமும் குறித்த வாரத்தில் பூத்திருக்க வேண்டும். 4 கிராம் உடலில் 6,000 கிலோமீற்றருக்கான எரிபொருளை ஏற்ற முடியாது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸுக்கு ஒரு பெற்றோல் செட் மூடியிருந்தால் அடுத்ததுவரை ஓடலாம். இந்தப் பறவையின் தாங்கி மிகச் சிறியது.

தராசில் அமரும் பறவை

மலைப் புல்வெளியை அடையும் பறவை சில வேளை 3 கிராமளவுக்கு மெலிந்திருக்கும். அங்கே ஒரு வாரமோ இரண்டு வாரமோ தங்கி, உடலைத் தேற்றி, 5 கிராம் அளவுக்கு வந்ததும் கிளம்பிவிடும்.

இதை எப்படி அறிந்தார்கள்? கலிபோர்னியாவின் சியெரா நெவாடா மலையில், பறவை வழக்கமாக உட்காரும் குச்சிக்குப் பதிலாக, மின்தராசோடு இணைத்த ஒரு குச்சியை ஆய்வாளர்கள் நட்டார்கள். பறவை வந்து உட்காரும்போதெல்லாம் அதன் எடை பதிவாகும். பிடிக்க வேண்டியதில்லை, பயமுறுத்த வேண்டியதில்லை. 1983இல் வெளியான அந்த ஆய்வு ஒரு விந்தையைக் காட்டியது. ஒவ்வொரு பறவையும் புல்வெளியில் ஒரு பகுதியைத் தனதென்று பிடித்து, மற்றவற்றை விரட்டுகிறது. அந்தப் பகுதி மிகச் சிறிதானால் தேன் போதாது. மிகப் பெரிதானால் காவல் காப்பதிலேயே சக்தி செலவாகிவிடும். பறவை தன் எல்லையை நாளுக்கு நாள் கூட்டியும் குறைத்தும், எடை மிக வேகமாக ஏறும் அளவிலே கொண்டு வந்து நிறுத்தியது.

காவல் காப்பதில் இது பெருங்கோபக்காரன் என்று பெயரெடுத்தது. தன்னைவிடப் பெரிய ஹம்மிங் பறவைகளையும் துரத்தும். பலர் இதைக் குணக்கேடு என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த வேளை உணவு இல்லாவிட்டால் சில மணித்தியாலங்களில் வீழ்ந்துவிடும் ஓர் உயிர், தன் பாத்திரத்தைக் காத்துக்கொள்கிறது. அவ்வளவுதான்.

நினைவாற்றலும் அதற்குக் குறைவில்லை. கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்து மலைகளில், திறந்த வெளியில் வாழும் பறவைகளுக்குச் செயற்கைப் பூக்கள் எட்டினை வைத்துச் சோதித்தார்கள். சிலவற்றில் 10 நிமிடத்துக்கு ஒரு தடவையும், மற்றவற்றில் 20 நிமிடத்துக்கு ஒரு தடவையும் சீனிப்பாகு நிரப்பினார்கள். சீக்கிரம் நிரம்பும் பூவுக்குப் பறவை சீக்கிரமும், தாமதித்து நிரம்பும் பூவுக்குத் தாமதித்தும் வந்தது. எந்தப் பூ எங்கே, எப்போது நிரம்பும் என்ற இரண்டையுமே அது நினைவில் வைத்திருந்தது. இந்த ஆய்வு 2006இல் வெளியானது. அரிசி மணி அளவான மூளைக்குள் இந்தக் கணக்கெல்லாம் நடக்கிறது.

தாயும் குஞ்சும்

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம்.

ஆண் பறவை ஜோடி சேர்வதோடு சரி. கூடு கட்டுவதிலோ அடைகாப்பதிலோ குஞ்சுக்கு ஊட்டுவதிலோ அதற்குப் பங்கில்லை. தாய் தனியாகவே கூடு கட்டும். பெரும்பாலும் ஊசியிலை மரங்களின் தாழ்ந்து தொங்கும் கிளையில் இடம் பார்க்கும். பஞ்சு போன்ற மெல்லிய தாவர நாரைக் கிண்ணம் போல் அமைத்து, சிலந்தி நூலால் கட்டி, வெளியே பாசியையும் மரப்பட்டைத் துணுக்கையும் ஒட்டி மறைக்கும். கூட்டின் குறுக்களவு 5 சென்ரிமீற்றர் அளவு. அதில் வெள்ளை முட்டை இரண்டு. ஒரு முட்டை ஒன்றேகால் சென்ரிமீற்றரைச் சற்றே தாண்டும். 15, 17 நாட்களில் குஞ்சு வெளிவரும். கண் திறவாத, இறகில்லாத குஞ்சுகளுக்குத் தாய் தேனையும் சிறு பூச்சிகளையும் தன் வயிற்றிலிருந்து எடுத்து ஊட்டும். குஞ்சு வளர வளர, சிலந்தி நூலின் இழுபடுந் தன்மையால் கூடும் சற்று விரிந்து கொடுக்கும். சுமார் மூன்று வாரத்தில் குஞ்சு பறந்துவிடும்.

ஆண்கள் ஜூன் கடைசியிலேயே தெற்கே புறப்படத் தொடங்கிவிடுகின்றன. அடுத்துப் பெண்கள். எல்லோரும் போன பின், கடைசியாகப் புறப்படுவது அந்த ஆண்டில் பிறந்த இளம் பறவைகள். இவை கூட்டமாகப் பறப்பதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே. எனவே, பிறந்து இரண்டு மூன்று மாதமே ஆன ஒரு பறவை, தான் ஒருபோதும் கண்டிராத மெக்சிக்கோவை நோக்கி, தான் ஒருபோதும் கண்டிராத மலைகளின் வழியே, யாருடைய துணையுமின்றிக் கிளம்புகிறது. எப்போது புறப்படுவது, எந்தத் திசையில் போவது என்ற அடிப்படை அறிவு பிறவியிலேயே அதற்குள் இருக்கிறது. பகற்பொழுதின் நீளம் குறைவதே புறப்படும் நேரத்தை உணர்த்துகிறது. மற்றவற்றை, எந்தப் புல்வெளி நல்லது, எங்கே பூ அதிகம் என்பதை, போகும் வழியில் தானே கற்றுக்கொள்ள வேண்டும். கற்றதை மறப்பதில்லை. காலிலே வளையமிட்டு விட்ட பறவைகள், மறு ஆண்டுகளிலும் அதே தோட்டத்துக்குத் திரும்பி வந்திருக்கின்றன.

பாதி வழியில் பல இறந்தும் போகும். தப்பிப் பிழைப்பவை சில ஆண்டுகள் வாழும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வளையமிடப்பட்ட ஒரு பெண் பறவை குறைந்தது 8 ஆண்டு 11 மாதம் வாழ்ந்தது பதிவாகியிருக்கிறது. 2010ஆம் ஆண்டு ஜனவரியில் புளோரிடாவில் வளையமிட்ட ஒரு பெண் பறவையை, அதே ஆண்டு ஜூன் மாதம் அலாஸ்காவில் மீண்டும் பிடித்து வளையத்தைப் படித்தார்கள். நேர்கோட்டில் அளந்தாலே 5,600 கிலோமீற்றருக்கு மேல். பறவை வந்த வழி அதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும்.

மெல்லக் குறையும் பறவை

இவ்வளவு கணக்காக வாழும் பறவையின் தொகை இன்று குறைந்து வருகிறது. வட அமெரிக்காவில் 1966 முதல் ஆண்டுதோறும் நடத்தப்படும் பறவைக் கணக்கெடுப்பின்படி, அது தன் தொகையில் பாதிக்கு மேல் இழந்துவிட்டது. 2018இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அபாயத்தை அண்மித்த இனங்களின் பட்டியலில் சேர்த்தது. இன்னும் பெருந்தொகையில் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் குறையும் வேகமே கவலை தருகிறது.

காரணம் ஒன்றல்ல. வழியிலுள்ள பற்றைக்காடுகளும் புல்வெளிகளும் வீடுகளாகவும் பண்ணைகளாகவும் மாறுகின்றன. காலநிலை மாறுவதால் மலைப் பூக்கள் முன்கூட்டியே பூத்து முடிந்துவிட்டால், பறவை வந்து சேரும்போது விருந்து முடிந்திருக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் புளூபெரித் தோட்டங்களை அண்டி வாழும் ஹம்மிங் பறவைகளின் எச்சத்திலே பூச்சிகொல்லி மருந்தின் சுவடு இருந்ததாக 2018இல் அறிவித்தார்கள். கண்ணாடி ஜன்னல்களும் வீட்டுப் பூனைகளும் தம் பங்குக்கு அழிக்கின்றன. மாலை போல் கோத்த தங்குமிடங்களில் ஒரு மணி அறுந்தாலும் முழு மாலைக்கும் ஆபத்து.

அந்நாட்டு மக்கள் பலர் தம் வீட்டு வாசலில் சீனிப்பாகுக் குப்பி கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஒரு பங்கு வெள்ளைச் சீனிக்கு நான்கு பங்கு தண்ணீர், அவ்வளவே. சாயம் சேர்க்கக்கூடாது, தேனும் கலக்கக்கூடாது, அதில் பூஞ்சணம் பிடித்துப் பறவைக்கு நோய் வரும். குப்பியைச் சில நாட்களுக்கு ஒரு தடவை கழுவ வேண்டும். அதைவிடச் சிறந்தது அந்த மண்ணுக்குரிய பூச்செடிகளை நடுவதும், பூச்சிமருந்தைக் குறைப்பதும்.

இதையெல்லாம் சென்ற வாரம் அந்தப் பிள்ளைக்கும் அவளுடைய வாப்பாவுக்கும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மௌலவி, பெயின்ட் அடிக்கிறவங்க நாளைக்கு வர இருந்தாங்க. வயரைக் கழற்றச் சொல்லியிருந்தேன். அவங்களை இரண்டு கிழமைக்குப் பிறகு வரச் சொல்றேன்" என்றார்.

"வாப்பா, இது ஹம்மிங் பேர்ட் இல்லையே" என்றாள் மகள்.

"இல்லாட்டி என்ன? இதுவும் பச்சைக் குஞ்சுதானே" என்றார் அவர்.

அன்பு வாசகர்களே, செந்நிற ஹம்மிங் பறவையை நம்மில் பெரும்பாலோர் நேரில் காணப்போவதில்லை. ஆனால் தேன்சிட்டு உங்கள் வீட்டு விறாந்தைக்கே வருகிறது. கூட்டைக் கண்டால், குஞ்சுகள் பறக்கும்வரை அந்த வயரையும் அந்தக் கிளையையும் தொடாமல் விடுங்கள். அதிகமில்லை, மூன்று நான்கு கிழமைதான். அடுத்த இதழில் சந்திப்போம்.